கிளியனூர் பக்கம்

மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது, போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ரோஸ்லின் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இருக்கிறது, டவர் இருக்கிறது, சவுண்டும் முழுசாக வைத்துத்தான் இருக்கிறது. எல்லாம் இருந்து என்ன செய்ய, கூப்பிட ஆள் இல்லை. போன வருஷம் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்குகிற சமயத்தில் ஒரு நாளைக்கு இருநூறு மிஸ்டு கால் வந்த போன் அது. சோற்றில் கை வைக்க விடாது. "சனியனே, ஒரு நிமிஷம் சும்மா இருக்கியா" என்று அவளே எத்தனை தரம் அதைத் திட்டியிருக்கிறாள். இப்போது சும்மாதான் இருக்கிறது. இரண்டு மாசமாகச் சும்மா இருக்கிறது.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி, ஒரு உரக்கடைக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. 'சந்தைப் பேச்சு' என்கிற வெப்சைட்டுக்குத் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாமே அதுதான். தொண்ணூற்று மூன்றில் ரோஸ்லின் இதே அறையில்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தாள். அது படுத்ததும் ஜெராக்ஸ், அதற்கப்புறம் டி.டி.பி., அதற்கப்புறம் பிரவுசிங் சென்டர். ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கிறதுக்குள் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. இன்னொரு தொழிலை முதலிலிருந்து ஆரம்பிக்க உடம்பில் தெம்பில்லை, மனசிலும் இல்லை.

வெப்சைட் யோசனை தம்பி இருதய அருணுடையது. "ஆளுக்கொரு போன் வச்சிக்கினு இருக்காங்க, மல்லாட்டை இன்னா விலை போவுதுன்னு தெரியணும்னா மட்டும் மூட்டையைத் தூக்கிக்கினு மண்டிக்குப் போவணும். இது இன்னாக்கா நியாயம்?" என்றான். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி மூன்று ஊர் விலையையும் தினமும் போடுவது என்று 2011இல் தொடங்கினார்கள். விலை சொல்கிறவர்களுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது, பேசக் காசும் இருக்காது. அதனால் மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ரோஸ்லின் திருப்பிக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே அடிப்பாள். டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணின கை, பேச்சுக்கு முன்னால் ஓடும்.

விலைக்குக் கீழே 'பேச்சு' என்று ஒரு பகுதி. எந்த விதைக்கடையில் முளைக்காத விதை விற்றான், எந்த மண்டியில் ஈரம் என்று சொல்லிக் கழிவு பிடித்தான், எல்லாம் அதில் வரும். சொன்னவர் பேர் வராது. ஆளுக்கொரு புனைபெயர், அவரவர் வைத்துக்கொண்டது. 'ஓட்டை டிராக்டர்' என்று ஒருவர், 'மயிலம் மச்சான்' என்று ஒருவர், 'கேப்பைக்கூழ்' என்று ஒருத்தி. உண்மையைச் சொல்லவேண்டுமானால் ஜனங்கள் விலையைப் பார்க்க வந்து, பேச்சைப் படிக்கத்தான் உட்கார்ந்தார்கள். ஜனம் உட்கார்ந்த இடத்துக்கு விளம்பரம் வந்தது. சொட்டுநீர் பைப்புக்காரர், டிராக்டர் ஒர்க்‌ஷாப், மண்டிக்காரர்கள். அருண் ஒரு பைக் வாங்கினான். ரோஸ்லின் முதல்முறையாக வாடகையை ஒன்றாம் தேதியே கொடுத்தாள்.

அப்புறம்தான் முருகையன் வந்தார்.

அவர் பெரிய மண்டிக்காரர். சைட்டில் மேலே பட்டையாக வருகிற விளம்பரம் அவருடையதுதான். கையில் ஒரு கிலோ மைசூர்பாக்கோடு மாடியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, "டைப்பிஸ்டம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கோபமே இல்லை. கோபமாக வந்திருந்தால் ரோஸ்லினும் உஷாராக இருந்திருப்பாள்.

"பேச்சுல ஒண்ணு வந்துகீதும்மா. ரயில்வே கேட்டாண்ட பச்சை ஷெட்டுல மூட்டைக்கு ரெண்டு கிலோ அடிக்கிறாங்கன்னு. பச்சை ஷெட்டுன்னா அது நான்தானே. எனக்கே தெரியாம தராசு கெட்டுப் போயிருந்தா சரி பண்ணணும் இல்ல? அதான், சொன்னவங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"ஐயோ, நாங்க பேரெல்லாம் சொல்றதில்லீங்க" என்றாள் ரோஸ்லின்.

"சேச்சே, பேரு யாரு கேட்டா? வேணவே வேணாம்." டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "எந்த ஊர்க்காரங்க?"

இந்தக் கேள்வி இருக்கிறதே, இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்கிற முதல் கேள்வி. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது திமிர் என்று வளர்த்திருக்கிறார்கள். ரோஸ்லினின் வாய் அவளைக் கேட்கவே இல்லை.

"கிளியனூர் பக்கங்க" என்றாள்.

முருகையன் டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. "சரிம்மா, வர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பச்சை ஷெட்டில் பதினாறு பேர் வேலை செய்தார்கள். பதினைந்து பேர் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறவர்கள். தினம் காலை ஏழு மணிக்குக் கிளியனூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் ஒருத்திதான். பூமாலை. எடை போட்ட மூட்டைக்குச் சாக்கு வாய் தைக்கிறவள். தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைப்பதால் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேறு யாருக்கும் அவளை மாதிரி வசதி கிடையாது. எந்த ஊர் என்று தெரிந்தால் எந்தத் தெரு என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரிந்தால் இவளை என்ன செய்தாலும் கேட்க ஆள் வராது என்றும் தெரியும். ரோஸ்லினுக்கு இது புதுசா? எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு வாடகை வீடு தராமல் அனுப்பிய ஊர்தானே இது. அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் பூமாலை கூப்பிட்டாள். மிஸ்டு கால் இல்லை. சொந்தக் காசில் பேசினாள்.

"யக்கா, என் ஊரை இன்னாத்துக்குச் சொன்ன?"

"இல்ல பூமாலை, நான் பேரே சொல்லலம்மா, நம்பர்கூடக் குடுக்கல, சத்தியமா..."

"பஸ்ஸ விட்டு இறங்கறேன், ஊசியும் சணலும் புடுங்கிக்கினு போடின்னு சொல்லிட்டாங்க. எதுத்த மண்டில போயி நின்னேன். பச்சை ஷெட்டுக்காரரு போன் பண்ணிட்டாரு, வாணாம்னுட்டாங்க. இன்னா, இனிமே நான் எங்கக்கா போவேன்?"

ரோஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூமாலைக்குக் காசு தீர்ந்ததோ, பொறுமை தீர்ந்ததோ, லைன் போய்விட்டது.

போனைப் பிடித்தபடி ரோஸ்லின் அன்றைக்கு முழுக்கத் தனக்குத்தானே வாதாடினாள். பேரா சொன்னேன்? நம்பரா குடுத்தேன்? ஊரைக் கேட்டார், சொன்னேன், அதுவும் 'பக்கம்' என்றுதானே சொன்னேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஜெயிக்கத்தான் இல்லை.

விஷயம் மூட்டையோடு மூட்டையாக எல்லா மண்டிக்கும் போய்ச் சேர்ந்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கால். அடுத்த வாரம் அறுபது. 'ஓட்டை டிராக்டர்' வருவதில்லை. 'மயிலம் மச்சான்' கூப்பிட்டால் எடுப்பதில்லை. விலை சொல்கிறவர்கள்கூட நின்றுபோனார்கள், விலை சொல்வதில் என்ன ஆபத்து என்று அருணுக்குப் புரியவே இல்லை. ரோஸ்லினுக்குப் புரிந்தது. இன்றைக்கு விலை சொன்னதை நாளைக்கு எவனிடம் இவள் சொல்வாள் என்று யாருக்குத் தெரியும்? விலை இல்லாத இடத்துக்குப் பார்க்க யார் வருவார்கள்? பார்க்க ஆள் இல்லாத இடத்தில் விளம்பரம் எதற்கு?

முதலில் விளம்பரத்தை நிறுத்தியவர் யார் தெரியுமா? முருகையன்தான்.

"கோச்சுக்காதம்மா. யாரும் பாக்கறதே இல்லியாமே. ஆளு நடமாட்டமே இல்லாத செவுத்துல போஸ்டர் ஒட்டி இன்னா பிரயோஜனம்?" என்று போனில் சொன்னார். நல்ல மனுஷன் மாதிரியே சொன்னார். 'அந்த ஆளுங்களை விரட்டினதே நீதானேய்யா, பாவி' என்று ரோஸ்லின் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவரைத் திட்ட வாயெடுத்தால் பாதித் திட்டு தன் மேலேயே வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அருண் சென்னையிலிருந்து ஒரு சேதியோடு வந்தான். பூச்சிமருந்து விற்கிற ஒரு கம்பெனி. சைட் அவர்களுக்கு வேண்டாம். ரோஸ்லினின் கம்ப்யூட்டரில் இருக்கிற லிஸ்ட் வேண்டும். நாலாயிரத்து முந்நூறு பேருடைய போன் நம்பர், ஊர், எத்தனை காணி நிலம், என்ன பயிர். திங்கட்கிழமை ஆள் வருவான், கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பணம்.

"வித்துட்டு மூடிடலாம்க்கா. பேஜாரே வாணாம். நீயும் எத்தினி நாள் போனையே பாத்துக்கினு உக்காந்திருப்ப?"

"யோசிக்கிறேன்" என்றாள் ரோஸ்லின். யோசிக்க என்ன இருக்கிறது, வாடகை மூன்று மாசம் நிற்கிறது. அவள் மனசுக்குள் பாதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. புதுச்சேரி பஸ் ஏறி, கிளியனூரில் இறங்கி, பூமாலையின் தெருவை விசாரித்துக்கொண்டு நடந்தாள். எதற்குப் போகிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பூமாலை வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல்தரம். "பூமாலைதானே? நான் ரோஸ்லின்" என்று இவள் சொன்னதும், அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இப்போது அவள் ஆரோவில் பக்கம் கட்டிட வேலைக்குப் போகிறாள், கலவை தூக்க. விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்று புண்ணாகியிருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டு அது சிவந்து கிடந்ததைப் பார்க்க ரோஸ்லினுக்குத் தாங்கவில்லை.

"தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சிடு" என்றாள்.

"மன்னிச்சா எனக்கு ஊசி திரும்பி வந்துடுமா?"

ரோஸ்லினுக்குக் கால் வலித்தது. பக்கத்திலிருந்த கல்மேல் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கால் வராததை, முருகையன் விளம்பரத்தை எடுத்ததை, நாளைக்குக் கம்பெனி ஆள் வருவதை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, இவளைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது போலவும் இருந்தது.

பூமாலை முழுசாகக் கேட்டாள்.

"அந்த லிஸ்ட்ல என் நம்பரும் கீதா?"

"இருக்குது."

"ஊரு?"

"இருக்குது."

"ஒரே ஒரு ஊரைச் சொன்ன, நான் இப்ப கலவை தூக்கறேன். நாலாயிரம் பேரு ஊரையும் விக்கப் போறியா நீ?"

'யக்கா' போய் 'நீ' மட்டும் மிஞ்சியிருந்ததை ரோஸ்லின் கவனித்தாள். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தது.

"விக்கலன்னா மூடணும் பூமாலை."

"மூடேன். யாரு வாணாம்னாங்க?" வாளியைத் தூக்கினாள், பிறகு திரும்பவும் கீழே வைத்தாள். "இரு. மூடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன், எழுது. உன் போன்ல எழுதினா சைட்டுல வருமில்ல?"

"வரும்."

"நான் சொல்றத அப்படியே எழுது."

பூமாலை நின்றுகொண்டே சொன்னாள், ரோஸ்லின் கல்லில் உட்கார்ந்து அடித்தாள். சின்ன போனில் அடித்துப் பழக்கமில்லை, விரல் தடுக்கியது. முடித்ததும், "படி" என்றாள் பூமாலை. ரோஸ்லின் படித்தாள். பாதியில் பூமாலை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். நீ இன்னாவோ 'தெரியப்படுத்திவிட்டார்கள்'னு படிக்கிற."

ரோஸ்லினுக்கு முகம் சுண்டிவிட்டது. வேண்டுமென்று மாற்றவில்லை, இருபது வருஷம் அடுத்தவர் மனுவை அடித்துக் கொடுத்த கை அது, கடுமையான வார்த்தையைத் தானே மழுப்பிவிடும். "மாத்திடறேன்" என்று மாற்றினாள். கடைசியில் அது இப்படி இருந்தது:

'நான்தான் கேப்பைக்கூழு. என் பேரு பூமாலை. பச்சை ஷெட்டுல மூட்டைக்கு ரெண்டு கிலோ அடிக்கிறத என் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னேன். சொன்னது யாருன்னு இந்த சைட்டுக்கார ரோஸ்லின் காட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கு வேலை போச்சு. இனிமே இவங்ககிட்ட யாரும் எதையும் சொல்லாதீங்க. சொல்லணும்னு இருந்தா எனக்குச் சொல்லுங்க, நான் சாவறவரைக்கும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.' அதற்குக் கீழே அவளுடைய போன் நம்பர்.

"பேரும் நம்பரும் வேணுமா பூமாலை? நல்லா யோசிச்சிக்கோ."

"இனிமே என்கிட்ட புடுங்கறதுக்கு இன்னா கீது?"

ரோஸ்லின் போனைப் பார்த்தாள். இதைப் போட்ட கையால் லிஸ்டை விற்க முடியாது, கம்பெனிக்காரனை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான். காட்டிக் கொடுத்தவள் என்று அவளே எழுதி, அவளே போட்ட பிறகு திண்டிவனத்தில் எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவது? பூமாலை அவசரப்படுத்தவில்லை, சட்டை ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள். ரோஸ்லின் பட்டனை அழுத்தினாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே அருண் கூப்பிட்டுவிட்டான்.

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சாக்கா? நம்ம கடைல நாமளே மண்ணைப் போட்டுக்கறதா? ஜல்தியா அதை அழி!"

"அழிக்க மாட்டேன்டா."

"நாளைக்கு ஆள் வர்றான்!"

"வர வேணாம்னு சொல்லிடு. லிஸ்ட் இருக்காது."

சொன்னபடியே செய்தாள். அறைக்குப் போய் விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, நாலாயிரத்து முந்நூறு பேரையும் அழித்தாள். அருண் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பைக்கை வித்துடறேன், வேற இன்னா" என்று முனகிவிட்டு இறங்கிப் போனான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனும் பாவம், அவனுக்கு மட்டும் களைப்பு இருக்காதா?

திங்கள் போனது, செவ்வாய் போனது. பூமாலையின் வார்த்தையை இரண்டாயிரத்து எழுநூறு பேர் படித்திருந்தார்கள். அந்த சைட்டில் எதையும் இத்தனை பேர் படித்ததில்லை. ஆனால் ரோஸ்லினின் போன் அடிக்கவில்லை. சரி, முடிந்தது என்று அவள் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தாள். இன்ஸ்டிட்யூட் காலத்துக் கார்பன் பேப்பர்கூட அதில் கிடந்தது. உரக்கடைக்காரரிடம் அறையை மாசக் கடைசியில் விட்டுவிடுவதாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் போன் அடித்தது. பூமாலை. பின்னால் கலவை மிஷின் ஓடுகிற சத்தம்.

"யக்கா, எழுதிக்கிறியா? இன்னைக்கு மட்டும் பதினேழு பேரு சொல்லிகிறாங்க. நேத்து ஒம்போது. வேலை செய்ய விடாம அடிச்சிக்கினே கீது இந்த போனு, மேஸ்திரி திட்டறான்."

ரோஸ்லினுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சொன்னாங்க? யாரு சொன்னாங்க?"

"விலைதான். விழுப்புரத்து விலை, செஞ்சி விலை, எல்லாம். அப்புறம் எடையப் பத்தி ரெண்டு பேரு. பச்சை ஷெட்டு மட்டும் இல்லியாம், இன்னும் ரெண்டு எடத்துல கீதாம்."

"பழைய ஆளுங்களா? மயிலம் மச்சான் பேசினாரா?"

பூமாலை கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அது உனக்கு வாணாம்க்கா."

ரோஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் சைட், தன் போன், தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கின ஜனங்கள். அவர்கள் யார் என்று இனி அவளுக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லாததால்தான் பேசுகிறார்கள்.

"சரி" என்றாள். கீபோர்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சும்மா செய்ய மாட்டேன், சொல்லிட்டேன். சாக்கு தைச்சதுக்கு இன்னா கூலியோ அதைக் குடுத்துடு. நாளைலேர்ந்து நான் கலவைக்குப் போகல."

"குடுக்கறேன்." எங்கிருந்து கொடுப்பாள் என்று தெரியாது. கொடுத்துவிடுவாள் என்று மட்டும் தெரிந்தது.

"அப்ப எழுதிக்கோ. விழுப்புரம் மண்டி, எம்பது கிலோ மூட்டை, நாலாயிரத்து நூறு. செஞ்சி, நாலாயிரத்து முப்பது..."

ரோஸ்லின் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். பேர் இல்லாத, ஊர் இல்லாத வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. ஆறு, ஏழு வரி அடித்ததும் திரையில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பூமாலை, கொஞ்சம் இரும்மா. எட்டாவது இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு."